துரை வராத வகுப்பு

டிசம்பர் 31 அன்று திருத்தணி மலையடிவாரத்தில் நின்றால் பஜனைக் கோஷ்டிகளின் ஜால்ராச் சத்தம் விடாமல் கேட்கும். ஒவ்வொரு படியிலும் கற்பூரம் ஏற்றி, ஒரு திருப்புகழ் பாடிவிட்டுத்தான் அடுத்த படியில் கால் வைப்பார்கள். படிகள் 365, ஆண்டின் நாளுக்கு ஒன்று என்று கணக்கு. இந்தத் திருப்படித் திருவிழாவைத் தொடங்கி வைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். தொடங்கி நூறாண்டு கடந்துவிட்டது. தொடங்கிய காரணம்தான் சுவையானது. வெள்ளைக்காரர் ஆட்சியில் ஜனவரி முதல் தேதி காலையில் குமாஸ்தாக்களும் உத்தியோகஸ்தர்களும் எலுமிச்சம்பழமும் மாலையுமாகத் துரை பங்களா வாசலில் போய் நிற்பார்கள். புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல என்று பெயர். துரையின் கண்ணில் பட்டுவிட்டு வர என்பது உண்மை. துரைகளுக்கெல்லாம் துரை தணிகை மலைமேல் இருக்கும்போது இந்த வாசலில் என்ன வேலை என்று கேட்டு, அவர்களை மலைப்பக்கம் திருப்பிவிட்டார் சுவாமிகள்.

வாசலில் எலுமிச்சம்பழத்தோடு நிற்கும் அந்த மனிதருக்கு இன்று வேறு பெயர்: துணைப் பொது மேலாளர், மண்டல அதிகாரி, வைஸ் பிரசிடென்ட். அவரைத் ‘தலைவர்’ ஆக்குவதற்கு இரண்டு நாள், ஒரு வாரம், ஆறு மாதம் என்று வகுப்புகள் நடக்கின்றன. கட்டணம் லட்சக்கணக்கில் போகிறது. விளம்பரத்தில் பாதி இடத்தைப் பிடிப்பது வகுப்பெடுக்கும் வல்லுநர்களின் படமும் பட்டமும். வல்லுநர் என்றால் எதில் வல்லுநர், அவரால் எதுவரை முடியும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

முதலில் என் கதை. ஓர் அலுவலகத்தில் இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். பயிற்சி என்று ஐந்தாறு முறை அனுப்பினார்கள். நான்கைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. குளுகுளு அறை, மேஜைமேல் நோட்டும் பேனாவும், உறிஞ்சு குழல்களை ஒட்டிக் கோபுரம் கட்டும் விளையாட்டு, பனீர் வைத்த மதியச் சாப்பாடு, சான்றிதழ். ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. வகுப்பெடுத்தவர் குரலை உயர்த்தாதவர். கீழே இருப்பவர் ஒன்றைச் சொல்ல வரும்போது அதை முடிக்க விடுவது எப்படி என்பதை மூன்று நாள் எங்களை வைத்தே பழக்கினார். திங்கட்கிழமை திரும்பியதும் என் பிரிவுக் கூட்டத்தில் அதைச் செய்து பார்த்தேன். ஜூனியர் ஒருவர் பத்து நிமிஷம் தயங்கித் தயங்கி, வாடிக்கையாளர் புகார்கள் எங்கே தேங்குகின்றன என்று சொல்லிக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்கு எங்கள் மேலதிகாரி கதவைத் திறந்தார். நான்கு நிமிஷத்தில் கூட்டம் முடிந்தது. அடுத்த திங்களுக்குள் நான் பழைய ஆளாகிவிட்டேன்.

என் சுபாவக் கோளாறு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். ஆனால் நான் பிறப்பதற்கு முன்பே இதை அளந்து எழுதிவிட்டார்கள். அமெரிக்காவில் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் செய்துகொண்டிருந்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம், தன் ஃபோர்மேன்களைச் சிகாகோவில் இருந்த சொந்தப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பிவந்தது. தொழிலாளியை மனிதனாக நடத்துவது எப்படி என்பதே பாடம். பயிற்சியின் பலனை எட்வின் ஃப்ளைஷ்மன் என்ற உளவியல் ஆய்வாளர் ஆராய்ந்து 1953-ல் வெளியிட்டார். வகுப்பு முடிந்த கையோடு கேட்டால் ஃபோர்மேன்களின் மனப்போக்கு நன்றாகவே மாறியிருந்தது. ஆலைக்குத் திரும்பிச் சில மாதம் ஆன பிறகு பார்த்தால், பயிற்சி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வித்தியாசம் இருந்தது வேறோர் இடத்தில்: ஃபோர்மேனின் மேலதிகாரி எப்படிப்பட்டவர் என்பதில். பரிவுள்ள மேலதிகாரியின் கீழ் இருந்தவர் பரிவோடு நடந்துகொண்டார். அதட்டுகிறவரின் கீழ் இருந்தவர் அதட்டினார். ‘தலைமைச் சூழல்’ என்று இதற்கு ஃப்ளைஷ்மன் பெயர் வைத்தார்.

இது வெளிவந்து எழுபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. இன்றும் பெரும்பாலான தலைமைப் பயிற்சிகளில் ஆசிரியரை மதிப்பிடும் ஒரே கருவி, கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு, ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் நிரப்பித் தரும் கருத்துப் படிவம். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-ல் பயிற்சியை நான்கு நிலைகளில் அளக்கச் சொன்னார்: பிடித்திருந்ததா, கற்றார்களா, நடத்தை மாறியதா, நிறுவனத்துக்குப் பயன் வந்ததா. நாம் முதல் படியிலேயே தேங்காயை உடைத்துவிட்டு வீடு திரும்பிவிடுகிறோம்.

அப்படியானால் ஆசிரியர் என்னதான் செய்ய முடியும்? இந்தக் கேள்வியைத் திருத்தணியில் உட்கார்ந்து கேட்பதில் ஒரு பொருத்தம் உண்டு. நாடு ஆசிரியர் தினம் கொண்டாடுவது இந்த ஊர்க்காரரின் பிறந்தநாளில். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5-ல் இங்கே பிறந்தார். அவருக்கும் முன்பே இந்த மலைக்கு ஆசிரியர் சம்பந்தம் இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் முதல் கிருதி இங்கே பிறந்தது என்பது மரபு. அது குருவைப் போற்றும் பாட்டு. ராகம், பாட்டு வாத்தியார்கள் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தரும் அதே மாயாமாளவகௌளை. ‘குருகுஹ’ என்ற முத்திரையும் அங்கிருந்து வந்தது.

ராதாகிருஷ்ணனைத் தத்துவப் பேராசிரியராகவும் குடியரசுத் தலைவராகவும் தெரியும். நம் விஷயத்துக்கு வேண்டியவை அவர் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத இரண்டு இடங்கள். முதலாவது, சைதாப்பேட்டை. சென்னை மாநிலக் கல்லூரியில் 1909-ல் வேலைக்குச் சேர்ந்தவரை, 1910-ல் சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். மாணவராகப் போன இடத்தில் கூடப் படித்தவர்களுக்கே உளவியல் வகுப்பு எடுக்கும்படி ஆயிற்று. அந்தச் சொற்பொழிவுகள் 1912-ல் சிறு புத்தகமாக வந்தன. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் ஏற்கெனவே பள்ளியில் பாடம் நடத்தியவர்கள். தனக்குச் சமமானவர்களுக்கு, சிலபோது தன்னைவிட அனுபவம் கூடியவர்களுக்குப் பாடம் சொல்வது என்ற சங்கடத்தை அவர் இருபத்தோரு, இருபத்திரண்டு வயதிலேயே பார்த்துவிட்டார்.

இரண்டாவது இடம், அவர் தலைமையில் 1948-ல் அமைந்து 1949 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்த பல்கலைக்கழகக் கல்விக் குழு. ஜாகிர் உசேன், மேகநாத் சாஹா, நம் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் எல்லாரும் இருந்த குழு. வணிகக் கல்வி பற்றி அது சொன்னது இன்றைக்கும் சுடும்: வணிகம் படிக்கும் மாணவர் மூன்று நான்கு வகை நிறுவனங்களில் கைப்பட வேலை செய்து பழக வேண்டும், முதுகலைப் படிப்பு வெறும் ஏட்டுப் படிப்பாக இருக்கக் கூடாது. வேதாந்தப் பேராசிரியர் ஒருவரின் குழு, பெட்டியடியில் உட்காராமல் வியாபாரம் வராது என்று எழுதியிருக்கிறது. வணிக ஆட்சியையும் பொது நிர்வாகத்தையும் தனித் தொழிற்கல்வித் துறைகளாகப் பேசியதும் அந்த அறிக்கையே. அப்போது நாட்டில் இந்திய மேலாண்மைக் கழகம் என்று ஒன்றுகூட இல்லை.

அதற்கு ஏழு ஆண்டு கழித்து, 1956-ல், ஐதராபாதில் நிர்வாகப் பணியாளர் கல்லூரி தொடங்கியது. இடம், நிஜாமின் மகன் பேரார் இளவரசர் வாழ்ந்த பெல்லா விஸ்டா மாளிகை. முதல் முதல்வராக வந்தவர், தரைப்படைத் தளபதியாக இருந்து ஓய்வுபெற்ற ஜெனரல் எஸ்.எம். ஸ்ரீநாகேஷ். மாதிரி, இங்கிலாந்தில் தேம்ஸ் கரையில் ஹென்லியில் இயங்கிய கல்லூரி. அங்கே சொற்பொழிவைப் பின்னுக்குத் தள்ளி, பத்துப் பேர் கொண்ட குழுக்களை முன்னே வைத்தார்கள். ஒரு குழுவில் ஒரு வங்கிக்காரர், ஓர் ஆலை மேலாளர், ஓர் அரசு அதிகாரி, ஒரு ராணுவக்காரர் என்று கலந்து இருப்பார்கள். ஒரு பொருளுக்கு ஒருவர் தலைவர். அடுத்த பொருளுக்கு அவரே சாதாரண உறுப்பினர், நேற்று அவரிடம் வாயடங்கி இருந்தவர் இன்று தலைவர். ஆசிரியர் மேஜையின் தலைப்பக்கம் உட்காருவதில்லை. பொருளைத் தேர்வது, படிக்க வேண்டியதை எடுத்துத் தருவது, யாரை யாரோடு உட்கார வைப்பது என்று யோசிப்பது, இவைதான் அவர் வேலை. வேலை எல்லாம் வகுப்புக்கு முன்பே முடிந்துவிடும். வகுப்பில் அவர் கிட்டத்தட்ட சும்மா இருப்பார். சும்மா இருப்பதற்குச் சம்பளமா என்று கேட்கிறவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கலாம். பதில் தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் இருப்பது பெரும் தண்டனை.

அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகம் 1961 டிசம்பரில் தொடங்கியபோது கைகோத்தது ஹார்வர்டோடு. அங்கிருந்து வந்தது கேஸ் முறை. நம் ஊர் உதாரணத்தை வைத்தே அது எப்படி நடக்கும் என்று பார்க்கலாம். ஆடிக் கிருத்திகை. ஆந்திராவிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் லட்சக்கணக்கில் புஷ்பக் காவடிகள் வருகின்றன; சரவணப் பொய்கையில் தெப்பம். இதைப் பன்னிரண்டு பக்க கேஸாக எழுதி, முந்தின நாளே மாவட்ட அதிகாரிகள் நாற்பது பேருக்குக் கொடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அறை குதிரை லாட வடிவம். ஆசிரியர் உள்ளே வந்ததும் முன்னுரை கிடையாது. மூன்றாம் வரிசையில் ஒருவரைப் பார்த்துக் கேட்கிறார்:

“நீங்கள்தான் கோயில் செயல் அலுவலர். காலை எட்டு மணி. மலைப்பாதையில் பஸ் ஒன்று நின்றுவிட்டது, கூட்டம் படிவழியில் திரும்புகிறது. முதல் போன் யாருக்கு?”

“டி.எஸ்.பி.க்கு.”

“அவர் எடுக்கவில்லை.”

அவ்வளவுதான் கேள்வி. இதற்குப் பிறகு அறையே பேசும். காவல் துறைக்காரர் தடுப்புக் கட்டை என்பார், நகராட்சிக்காரர் குடிதண்ணீர் என்பார், போக்குவரத்துக் கழகத்துக்காரர் பஸ் நின்றது தன் தவறில்லை என்பார். ஆசிரியர் பலகையில் இடப்பக்கம் நடந்ததையும் வலப்பக்கம் அனுமானங்களையும் எழுதிக்கொண்டே போவார். எந்தப் பக்கத்தில் எதை எழுதுவது என்று அவர் மட்டும் அறிவார். முக்கால் மணி கழித்து, அதுவரை ஒரு வார்த்தையும் பேசாத ஒருவர் பக்கம் திரும்புவார். அந்த ஆள் நாலு வருஷம் இந்தத் திருவிழாவில் கீழ்நிலைப் பணியில் நின்றவர் என்பதை முந்தின இரவு சாப்பாட்டு மேஜையில் கேட்டு வைத்திருப்பார். அந்த ஆள் சொல்வார்: எட்டு மணிக்கு யாருக்குப் போன் செய்தாலும் பிரயோஜனமில்லை, ஆறு மணிக்கே அடிவாரத்தில் கூட்டத்தைப் பிரித்திருக்க வேண்டும், அதைச் சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லை. அறை அமைதியாகும். அந்த அமைதியை அரை நிமிஷம் கலைக்காமல் வைத்திருக்கத் தெரிந்தவரைத்தான் இந்தத் தொழிலில் வல்லுநர் என்பேன். ஆடிக் கிருத்திகை பற்றி அந்த நாற்பது பேரில் எவரைவிடவும் அவருக்குக் குறைவாகத் தெரிந்திருக்கலாம்.

சுவாமிமலைக் கதை எனக்கு இங்கேதான் புரிகிறது. பிள்ளை தகப்பனுக்குப் பிரணவப் பொருள் சொன்னான் என்று அதைப் பிள்ளையின் பெருமையாகவே சொல்லி வந்திருக்கிறோம். கேட்டவர் யார், எப்படிக் கேட்டார் என்பது கதையின் மறுபாதி. உலகத்துக்கெல்லாம் பெரியவர் கீழே உட்கார்ந்து, வாய் பொத்திக் கேட்டார். அந்தப் பெரியவரை உட்கார வைக்க முடியாமல்தான் பயிற்சி நிலையங்கள் எல்லாம் திணறுகின்றன.

உட்கார வைக்கச் சிலர் வழி கண்டார்கள். அகமதாபாத் கழகத்தின் முதல் ஆசிரியர்களில் ஒருவரான கமலா சௌத்ரி உளவியல் படித்தவர், அதற்கு முன் அகமதாபாத் நெசவாலைகளுக்கான ஆராய்ச்சி நிலையத்தில் தொழிலாளர் மனநிலையை ஆராய்ந்தவர். அவர் முன்னின்று 1960களில் நடத்திய மூன்றடுக்குத் திட்டத்தில், நடுநிலை மேலாளர், அவருக்கு மேலே உள்ளவர், அதற்கும் மேலே உள்ளவர் என ஒரே நிறுவனத்தின் மூன்று படிக்காரர்களும் வந்தார்கள். கீழே இருப்பவருக்கு நீண்ட வகுப்பு, மேலே போகப் போகக் குறுகிய வகுப்பு. சிகாகோ ஃபோர்மேன்களுக்கு நேர்ந்தது இங்கே நேரக்கூடாது என்பதற்கு இதைவிட நேரான ஏற்பாடு கிடையாது: துரையையும் வகுப்புக்குக் கூப்பிடு.

கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை லயோலாவில் இயற்பியல் படித்து, அகமதாபாத் வழியாக மிச்சிகன் போன சி.கே. பிரகலாத் மேலிருந்து ஆரம்பித்தார். நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1990-ல் பெரும் நஷ்டத்தில் இருந்தபோது, புதிய தலைவர் யான் டிம்மர் நடத்திய சீரமைப்பில் பிரகலாத் ஆலோசகர். முதலில் உட்கார வைக்கப்பட்டவர்கள் உச்சியில் இருந்த நூறு பேர். நிறுவனம் திவாலாகிவிட்டது என்ற கற்பனைப் பத்திரிகைச் செய்தி ஒன்றை டிம்மர் அவர்கள் கையில் கொடுத்தார். அதன் பிறகே பயிலரங்குகள் படிப்படியாகக் கீழே இறங்கின. கீழே இருப்பவர் வகுப்புக்கு வரும்போது அவருடைய துரை ஏற்கெனவே அடி வாங்கிவிட்டு உட்கார்ந்திருப்பார்.

தமிழ்நாட்டில் இதை எந்தப் படாடோபமும் இல்லாமல் செய்து வருவது மதுரை. அரசு மருத்துவப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-ல் லையன்ஸ் உதவியோடு லைகோ என்ற பயிற்சி நிலையத்தை அமைத்தது. அடுத்த ஆண்டு ஹார்வர்டின் வி. கஸ்தூரிரங்கன் அரவிந்தைப் பற்றி எழுதிய கேஸ் வெளிவந்து, உலகெங்கும் மேலாண்மை வகுப்புகளில் பாடமாயிற்று. பாஸ்டனில் அந்தக் கேஸைப் படிப்பவருக்கு அது காகிதம். லைகோவுக்கு வருபவருக்கு அது ஜன்னலுக்கு வெளியே. காலையில் அறுவை அரங்கில் ஒரு மருத்துவர் இரண்டு மேஜைகளுக்கு நடுவே திரும்பித் திரும்பி வேலை செய்வதையும், அடுத்த நோயாளியைச் செவிலியர் தயார் நிலையில் வைத்திருப்பதையும் பார்த்துவிட்டுத்தான் வகுப்பில் உட்காருகிறார்.

லைகோவின் முறையில் என் கண்ணுக்குப் பெரியதாகத் தெரிவது அடுத்தது. முதலில் லைகோவிலிருந்து ஓரிருவர், பயிற்சி பெற விரும்பும் மருத்துவமனைக்கே போய்ப் பார்த்து வருகிறார்கள். பிறகு அங்கிருந்து தனி ஆளாக யாரையும் வரச்சொல்வதில்லை. பொறுப்பாளர், மருத்துவர், நிர்வாகி என்று ஒரு குழுவாக வர வேண்டும். மதுரையில் உட்கார்ந்து அடுத்த ஆண்டுக்கான திட்டத்தை அவர்களே எழுதுகிறார்கள். சில மாதம் கழித்து, எழுதியதில் எது நடந்தது என்று பார்க்க மறுபடி ஆள் போகிறது. வகுப்பெடுப்பவர்களில் பலர் அரவிந்தில் தினமும் வேலை பார்ப்பவர்கள். பிற்பகல் பாடம் சொன்னவரை மறுநாள் காலை புறநோயாளிப் பிரிவில் பார்க்கலாம். இந்தியாவிலும் வெளியிலும் நூற்றுக்கணக்கான கண் மருத்துவமனைகள் இந்த வழியில் வந்து போயிருக்கின்றன.

ஊருக்குத் திரும்பினால், திருத்தணிப் பக்கத்தில் ‘தலைமைக் கல்வி’ என்ற சொல்லே இல்லாத காலத்தில் அது நடந்திருக்கிறது. தமிழ் படிக்க வழி குறுகியிருந்த இந்த எல்லைப் பகுதியில் மங்கலங்கிழார் என்ற ஆசிரியர் ஊர் ஊராகத் தமிழ் வகுப்பு நடத்தினார். அவரிடம் படித்தவர்கள், இந்தப் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட வடக்கெல்லைப் போராட்டத்தில் முன்னே நின்றார்கள், ம.பொ.சி.யோடு அவரும் நின்றார். எல்லையை வகுத்த படாஸ்கர் தீர்ப்பின் வழியே திருத்தணி 1960 ஏப்ரல் 1-ல் ஆந்திராவிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மங்கலங்கிழார் அப்போது உயிரோடு இல்லை. அவர் நடத்தியது இலக்கண வகுப்பு.

ரவி மத்தாயைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. ஒரு காலத்தில் சென்னையில் பொருளாதாரம் கற்பித்து, பின்னால் மத்திய நிதியமைச்சரான ஜான் மத்தாயின் மகன். 1965-ல், 38 வயதில், அகமதாபாத் கழகத்தின் முதல் முழுநேர இயக்குநர். கழகத்துக்குப் பேர் வாங்கித் தந்தவர், விரும்பியிருந்தால் ஓய்வு வரை நாற்காலியில் இருந்திருக்கலாம். 1972-ல் தானாக இறங்கினார். இறங்கி வெளியே போகவும் இல்லை. அதே கழகத்தில், தனக்குப் பின் இயக்குநரான சாமுவேல் பாலின் கீழ், பேராசிரியராக வகுப்பெடுத்தார். பிறகு ராஜஸ்தானின் ஜவாஜா பகுதியில் தோல் தொழிலாளர்களோடும் நெசவாளர்களோடும் வேலை செய்தார், 1984-ல் இறந்தார். தலைமையைப் பற்றி அந்தக் கழகத்தில் அதற்குப் பின் ஆயிரம் வகுப்புகள் நடந்திருக்கும். 1972-ல் அவர் இயக்குநர் அறையைக் காலி செய்துவிட்டு ஆசிரியர் அறைக்கு நடந்துபோனதுதான் அவற்றில் சிறந்தது என்று நினைக்கிறேன்.

நம் அலுவலகங்களில் பயிற்சிக்கு ஆள் அனுப்பும் சுற்றறிக்கை வழக்கமாக மார்ச் மாதம், ஒதுக்கிய பணம் காலாவதியாகும் முன் வரும். வேலை குறைவான ஆள், மாற்றலுக்குக் காத்திருக்கும் ஆள் என்று பார்த்துப் பெயர் எழுதுவோம். அடுத்த முறை அது உங்கள் மேஜைக்கு வந்தால், வகுப்பெடுப்பவர் எங்கே படித்தார் என்று பார்ப்பதை விட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்து எங்கள் அலுவலகத்துக்கு நேரில் வருவாரா என்று கேட்டு எழுதுங்கள். பெயர்ப் பட்டியலில் உங்கள் பெயருக்கு மேலே உங்கள் மேலதிகாரியின் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள்.